வாங்குகிறவர் இருப்பதால்தான் திருடுகிறவர் இருக்கிறார்!

(தலைப்பு: 'கோடி கொடுத்து அரும்பொருள் சேர்ப்பது ரசனையா? பகட்டா?' இடம்: திருவண்ணாமலை, ரமணாசிரமம் பகுதி. 'பகட்டே' என்னும் அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை.)

எதிரணியிலே, வாதம் இல்லாவிட்டாலும் புன்னகையோடு உட்கார்ந்திருக்கிற அன்பு நண்பர்களே! (சிரிப்பு) செங்கம் சாலையை அடைத்துக்கொண்டு கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே, கையிலே காப்பி டம்ளரோடு அமர்ந்திருக்கிற அன்பு நெஞ்சங்களே!

நடுவர் அவர்களே, நான் பள்ளிக்கூடத்திலே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். கோடி என்று சொன்னால் அதற்கு எத்தனை பூஜ்யம் என்று எனக்குத் தெரியும். பார்த்தது மட்டும் இல்லை. (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி ரொம்ப அழகாகச் சொன்னார். "பணக்காரன் கோடி கொடுத்து ஒரு பொருளை வாங்குறான்னா, அந்தப் பொருளோட அருமை அவனுக்குத் தெரியுது, அதுதான் ரசனை" என்றார். தம்பி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

2024-ஆம் வருஷம் நவம்பர் மாதம். நியூயார்க் நகரத்து ஏலக்கடை. ஒரு வாழைப்பழம். அதைச் சுவரிலே வைத்து, ஒரு பிளாஸ்திரி நாடாவாலே ஒட்டியிருக்கிறது. இத்தாலிக்காரர் ஒருவர் செய்த கலைப்படைப்பு. விலை என்ன தெரியுமா? 62 லட்சம் டாலர். நம்ம கணக்கிலே சுமார் 52 கோடி ரூபாய்! வாங்கியவர் கிரிப்டோ நாணயத் தொழிலிலே சம்பாதித்த ஒரு சீனத்துச் செல்வர். வாங்கி என்ன செய்தார்? ஹாங்காங்கிலே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உரித்துச் சாப்பிட்டுவிட்டார்! (பலத்த சிரிப்பு) நல்லா இருந்தது என்றும் சொன்னார். 52 கோடி கொடுத்தவர் நல்லா இல்லை என்றா சொல்லுவார்?

பழம் அழுகினால் வேறு பழம் ஒட்டிக்கொள்ளலாமாம். வாங்கினது பழம் இல்லை, சான்றிதழ்! அந்தப் பழம் ஏலக்கடைக்குப் பக்கத்திலே தெருவோரக் கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கியது. அதாவது முப்பது ரூபாய். விற்ற பெரியவர் கடைக்கு முதலாளி இல்லை, கூலிக்கு நிற்கிறவர். பழம் போன விலையைப் பத்திரிகைக்காரர் வந்து சொன்னபோது அவர் அழுதுவிட்டார். நடுவர் அவர்களே, 52 கோடி கொடுத்தவருக்குப் பழத்தின் அருமை தெரியுமா, வெயிலிலும் குளிரிலும் நின்று அதை விற்ற அந்தப் பெரியவருக்குத் தெரியுமா? (கைதட்டல்)

இந்தத் தலைப்பை எந்த ஊரிலே வைத்திருக்கிறோம் என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1896-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி இந்த ஊருக்கு ஒரு பதினாறு வயதுப் பையன் வந்து சேர்ந்தான். வேங்கடராமன் என்று பெயர். மதுரையிலே அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயிலே மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டை அங்கேயே வைத்து, சீட்டும் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்ட பையன். என் மாதிரி கணக்கு டீச்சருக்கு ரொம்பப் பிடிச்ச பையன்! (சிரிப்பு) வழியிலே காசு தீர்ந்துபோனது. கீழூரிலே ஒரு வீட்டிலே காதிலிருந்த கடுக்கனைக் கழற்றிக் கொடுத்தான். இருபது ரூபாய் பெறும். நாலு ரூபாய் வாங்கிக்கொண்டான். அப்புறம் மீட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் முகவரி எழுதிக் கொடுத்தார்களே, அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டான். இங்கே வந்து சேர்ந்ததும், மிச்சமிருந்த காசையும் அய்யங்குளத்திலே வீசிவிட்டான். அவர்தான் ரமண மகரிஷி.

வாங்கின பொருளுக்குச் சான்றிதழ் வைத்துக்கொள்கிறவர் ஒருத்தர். இருந்த பொருளுக்கு இருந்த சீட்டையும் கிழித்துப் போட்டவர் ஒருத்தர். உலகத்திலே பாதிப் பேர் இவர் வாசலைத் தேடி வந்தார்களே தவிர, சான்றிதழ் வைத்திருந்தவர் வாசலைத் தேடிப் போகவில்லையே! (கைதட்டல்)

இந்த ஆசிரமத்துக்கும் திருடர்கள் வந்தார்கள். 1924-ஆம் வருஷம் ஜூன் மாதம், ராத்திரி நேரம். மகரிஷியின் தொடையிலே அடித்தார்கள். தேடித் தேடிப் பார்த்தும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அடி வாங்கின மகரிஷி, தனக்கும் 'பூசை' கிடைத்துவிட்டது என்று சிரித்தாராம். ஒரு கௌபீனம், ஒரு கைத்தடி, ஒரு கமண்டலம். திருடன் என்னத்தைத் தூக்கிக்கொண்டு போவான்?

இப்போ எதிரணித் தலைவி அக்கா கேட்டாங்க. "மகான்கள் பயன்படுத்திய பொருளை விலை கொடுத்து வாங்குவது மரியாதை இல்லையா? 2009-லே நியூயார்க்கிலே மகாத்மா காந்தியின் கண்ணாடி, செருப்பு, கடிகாரம், தட்டு, கிண்ணம் எல்லாம் ஏலத்துக்கு வந்தபோது நம்ம நாட்டுத் தொழிலதிபர் விஜய் மல்லையாதானே 18 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தார்?" என்று. நியாயமான கேள்வி. வேறு நாட்டுக்குப் போகக்கூடாது என்று எடுத்தேன் என்றார். சரி. ஆனால் அக்கா, காந்தியடிகள் ஜீவிய காலமெல்லாம் எதை வேண்டாம் என்று சொன்னாரோ, அதை விற்றுச் சம்பாதித்த பணத்திலே அவர் கண்ணாடியை வாங்கினால், அந்தக் கண்ணாடிக்குள்ளே இருந்த பார்வையும் சேர்ந்தா வருகிறது? (பலத்த கைதட்டல்)

2020-ஆம் வருஷம் இங்கிலாந்திலே பிரிஸ்டல் பக்கம் இன்னொரு காந்தி கண்ணாடி வந்தது. ஒரு வயதானவர் சாதாரண உறையிலே போட்டு ஏலக்கடையின் தபால் பெட்டியிலே செருகிவிட்டுப் போயிருக்கிறார். விலை பெறாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றாராம். பதினைந்தாயிரம் பவுன் போகும் என்று நினைத்தார்கள். போனது 2 லட்சத்து 60 ஆயிரம் பவுன்! நம்ம பணத்திலே இரண்டரைக் கோடி. காந்தியும் ஏலம் போட்டவர்தான். தனக்கு வந்த பரிசுகளையெல்லாம் மேடையிலேயே ஏலம் போட்டு ஹரிஜன நிதியிலே சேர்த்தார். கையெழுத்துக்கே ஐந்து ரூபாய் வாங்கினார். அந்த ஏலத்திலே பொருள் பணக்காரரிடம் போனது, பணம் ஏழையிடம் வந்தது. இந்த ஏலத்திலே ஏழைக்கு என்ன வந்தது? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

"சேர்க்கிறவர்கள் இல்லாவிட்டால் பழைய பொருளெல்லாம் அழிந்துபோயிருக்குமே!" இது எதிரணியின் பெரிய பீரங்கி. நான் மறுக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக நடந்து ஓலைச்சுவடி சேர்த்தார். சேர்த்துப் பூட்டியா வைத்தார்? 1887-லே சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஓலையிலே கிடந்த தமிழை ஊருக்கெல்லாம் கொடுத்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரிலே ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். கோடீஸ்வரர் இல்லை. புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992-லே அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, நாட்டைவிட்டுக் கொண்டுபோகாமல், 1994-லே சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். சேர்த்துத் திறந்து வைத்தவர்களுக்கு ரசிகர் பட்டம் கொடுங்கள், நானும் கை தட்டுகிறேன். சேர்த்துப் பூட்டி வைத்தவர்களுக்கு என்ன பட்டம்? வள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என்று ஒரு அதிகாரமே ஒதுக்கி வைத்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் படித்துப் பாருங்கள்.

நடுவர் அவர்களே, இதுவரைக்கும் சிரித்தோம். இனிமேல் சொல்லப் போவதிலே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கும்பகோணத்துக்குப் பக்கத்திலே சிவபுரம். சோழர் காலத்து நடராசர். 1950-களிலே பழுது பார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. பல வருஷம் ஊர் ஜனங்கள் அந்த நகலுக்குத்தான் பாலும் பன்னீரும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 1973-லே நார்ட்டன் சைமன் என்ற கோடீஸ்வரர் அசலை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். டப்பாவிலே தக்காளி அடைத்து விற்றுப் பணக்காரர் ஆனவர். கடத்தி வந்த பொருள்தான் என்று அவரே ஒத்துக்கொண்டதாக நியூயார்க் டைம்ஸ் அச்சிட்டது. அப்புறம், நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தார். நம் அரசாங்கம் வழக்குப் போட்டு, சமாதானம் ஆகி, 1986-லேதான் சாமி நாடு திரும்பியது.

அடுத்தது பத்தூர் நடராசர். 1970-களிலே குடிசை போட்டு வாழ்ந்த ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது. சில நூறு ரூபாய்க்கு விற்றுவிட்டார். 1982-லே கனடாவைச் சேர்ந்த ஒரு கம்பெனி அதையே இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கியது. லண்டன் போலீசார் பிடித்தார்கள். வழக்கு நடந்தது. வாதிகள் யார் யார்? இந்திய அரசு, தமிழக அரசு, பத்தூர் கோயில், அதோடு சாட்சாத் சிவலிங்கம்! (கைதட்டல்) பிட்டுக்கு மண் சுமந்த பெருமான், தன் வீட்டுப் பொருளைக் கேட்டு லண்டன் கோர்ட்டிலே வரிசையிலே நின்றார். சிலையிலே ஒட்டியிருந்த நம்ம ஊர் மண்ணைக்கூட நிபுணர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். 1988-லே நம் பக்கம் தீர்ப்பு. மேல்முறையீட்டிலும் ஜெயித்து, 1991-லே தாயகம் திரும்பினார்.

பத்தூர் கதையிலே ஒரு கணக்கு இருக்கிறது. தோண்டினவனுக்குச் சில நூறு. வாங்கினவர் கொடுத்தது லட்சக்கணக்கிலே. நடுவிலே இருக்கிற அந்தப் பணம்தான் ஐயா, நம்ம கோயில் பூட்டை உடைக்கிற கடப்பாரை! ஆசிரமத்துக்கு வந்த திருடன் பசிக்கு வந்தவன். ஒண்ணும் இல்லை என்று போய்விட்டான். கோயிலுக்கு வருகிற திருடன், எங்கேயோ ஒரு மாளிகையிலே ஒருத்தர் விலை சொல்லிக் காத்திருப்பதாலே வருகிறான். (நீண்ட கைதட்டல்)

"அங்கே கண்ணாடிப் பெட்டியிலே பத்திரமாக இருந்ததே, இங்கே விளக்கேற்ற எண்ணெய்கூட இல்லையே" என்பீர்கள். உண்மை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலே கோயில் பூட்டிக் கிடந்தது. நடராசர் திருட்டுப் போனதே ஊருக்குப் பின்னாலேதான் தெரிந்தது. அவர் ஆஸ்திரேலியா தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விலை போய், 2014-லே திரும்பி வந்தார். பூட்டின கோயிலைத் திரும்பிப் பார்க்காதது நம்ம தப்பு. தலை குனிந்து ஒத்துக்கொள்கிறேன். அதற்காக, திருட்டுப் பொருளை வாங்குகிறவருக்கு ரசிகர் என்று மாலை போட முடியுமா?

கடைசியாக, என் வீட்டுக் கதை ஒன்று. செங்கம் பக்கத்திலே எங்கள் கிராமம். எங்க ஆயாகிட்ட ஒரு பித்தளைப் பாக்குவெட்டி இருந்தது. கிளி மாதிரி செய்திருக்கும். கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும். நான்தான் சின்ன வயசிலே கீழே போட்டு உடைத்தேன். நான் ஆறாவது படிக்கும்போது, பழைய பித்தளைக்குப் புது எவர்சில்வர் தருகிறேன் என்று ஒருத்தர் வந்தார். வீட்டிலே கஷ்டகாலம். ரெண்டு டம்ளருக்குப் பாக்குவெட்டி போனது.

வேலைக்குச் சேர்ந்த புதுசிலே, இதே பகுதியிலே, வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிற ஒரு கடையிலே அதைப் பார்த்தேன். அதே கிளி. அதே உடைந்த மூக்கு. சிவப்புப் பட்டுத்துணி மேலே படுத்திருந்தது. விலைச்சீட்டு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். என் ஒரு மாதச் சம்பளத்திலே பெரும்பகுதி. ஓடிப்போய் ஆயாகிட்ட சொன்னேன். "ஆயா, கடன் வாங்கியாவது எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

ஆயா கேட்டாங்க: "வாங்குறவங்க அதை வச்சு என்னம்மா செய்வாங்க?"

"கண்ணாடி அலமாரியிலே வைப்பாங்க ஆயா."

"பாக்கு வெட்ட மாட்டாங்களா? அப்ப அது பாக்குவெட்டி இல்ல பாப்பா, வெறும் பித்தளை. அதுல வெட்டின பாக்கு இந்தத் தெருவுல எத்தன கல்யாணத்துக்குப் போச்சு தெரியுமா? அதெல்லாம் நம்மகிட்டதான இருக்குது. பித்தளைய அவங்களே வச்சுக்கட்டும்."

நடுவர் (குறுக்கிட்டு): ஏம்மா, நீங்க வாங்கியிருந்தா அது ரசனையா, பகட்டா?

ஐயா, அது பாசம்! (பலத்த கைதட்டல்) அடுத்த மாதம் போனபோது கிளி இல்லை. எந்த நாட்டிலே எந்த அலமாரியிலே இருக்கிறதோ! அதன் மூக்கு ஏன் உடைந்தது என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியுமா? என்ன விலைக்கு வாங்கினோம் என்று மட்டும் தெரியும். வருகிற விருந்தாளிக்கும் அதைத்தான் சொல்லுவார். பொருளைக் காட்டிச் சொல்வதற்கு அதன் விலையைத் தவிர ஒருத்தரிடம் வேறு கதை இல்லை என்றால், அதற்குத் தமிழிலே ரசனை என்றா பெயர்?

பட்டிமன்றம் முடிந்ததும் ஆசிரமத்துக்குள்ளே போய்ப் பாருங்கள். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி மகரிஷி கண் மூடிய அந்தச் சின்ன அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஏலம் இல்லை. பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுப் பரணிலே கிடக்கிற பாட்டியின் பாக்குவெட்டியைத் தேடி எடுங்கள். கண்ணாடிக்குள்ளே வைக்காதீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, நாலு பாக்கு வெட்டிக்கொண்டே அதன் கதையைச் சொல்லுங்கள்.

கோடி கொடுத்துச் சேர்ப்பது பகட்டே பகட்டே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.