ஓட்டுநர் உரிமமும் ஊர் மாற்றமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. எனக்கு முன்னர்ப் பேசிய புலவர் பெருமகனார் நம்மைச் சங்க காலத்துக்கே அழைத்துச் சென்று மீட்டுக் கொணர்ந்தார். எனக்குப் பின்னர்க் குழந்தைகளின் நடனம் காத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ரெயில்வே குமாஸ்தா ஒருவன் மோட்டார் வாகனச் சட்டத்தைக் கையில் ஏந்தி நிற்பது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், தமிழகத்திலிருந்து மாற்றலாகித் தலைநகருக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும், வீடு, பள்ளிக்கூடம் என்னும் இரு கவலைகளும் தீர்ந்தவுடன் மூன்றாவதாக நம்மைக் கேட்பது இதுவே: "ஊரில் எடுத்த டிரைவிங் லைசென்சு இங்கே செல்லுமா? அதை டில்லி லைசென்சாக மாற்றிக்கொள்ள வேண்டுமா?"

செல்லும். மாற்றவேண்டுவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, இச்சட்டத்தின்படி வழங்கப்பெற்ற ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. கற்போர் உரிமமாகிய எல்.எல்.ஆருக்கும் அதே விதிதான். திருச்சியில் டி.என். 45 என்று தொடங்கும் எண்ணுடன் பெற்ற உரிமமும், நெல்லையில் டி.என். 72 என்று பெற்றதும், கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் காவலர் முன் நீட்டத்தக்கவையே. அட்டையைத்தான் நீட்டவேண்டும் என்பதும் இல்லை. 2018-ஆம் ஆண்டு முதல், டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ உள்ள மின்னணுப் பதிவைக் கைப்பேசியில் காட்டினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விதி செய்யப்பட்டிருக்கிறது.

விடை இத்துணை எளிதாயின் இதற்கொரு சொற்பொழிவு எதற்கு என்று கேட்பீர்கள். சட்டம் எளிதாகத்தான் இருக்கிறது; சட்டத்துக்கும் நமக்கும் நடுவே நிற்கும் தரகர் எளியவர் அல்லர்.

சென்ற ஆண்டு கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் ஒருவரை ஒரு தரகர் பிடித்துக்கொண்டார். "மதராசி லைசென்சைப் போலீசார் பறிமுதல் செய்துவிடுவார்கள், பழையது இருப்பதாகச் சொல்லாமல் புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறேன், சில ஆயிரம் ஆகும்" என்று அச்சுறுத்தியிருக்கிறார். இந்தி தெரியாத ஊரில், தலையில் காவல்துறை என்ற சொல் விழுந்தால் யாருக்குத்தான் கால் நடுங்காது? நல்ல வேளையாக அவ்விளைஞர் பணத்தைக் கொடுப்பதற்கு முன் நம் சங்க நூலகத்துக்கு வந்தார். 6-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினோம். நடப்பில் உள்ள உரிமம் ஒன்றை வைத்திருப்பவர் வேறொன்றை வைத்திருக்கலாகாது என்பது அப்பிரிவின் சாரம். ஆகவே, பழையதை மறைத்துப் புதியதை வாங்குவது தேவையற்ற செலவு மட்டுமன்று, குற்றமும் ஆகும். அவர் தம் டி.என். 68 அட்டையுடனேயே இன்றும் வண்டி ஓட்டி வருகிறார்.

மற்றொருவருக்கு அந்த நல்ல வேளை வாய்க்கவில்லை. சிறிய சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர். மூன்று பிள்ளைகளுக்குத் தந்தை. தரகர் அவருக்கு அழகான அட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஓராண்டு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டினார். பின்னர் நல்ல சம்பளத்தில் வேறோர் இடத்தில் வேலைக்கு அழைப்பு வந்தது. அங்கே அட்டையின் எண்ணைக் கணினியில் இட்டுப் பார்த்தார்கள். அது வேறு யாரோ ஒருவர் பெயரைக் காட்டிற்று. கிடைக்கவிருந்த வேலையும் போயிற்று. இருந்த முதலாளியும் செய்தி அறிந்து நிறுத்திவிட்டார். ஊரில் அவர் முறையாகப் பெற்றிருந்த உரிமமோ, பெட்டியின் அடியில் பயன்படாமல் கிடந்து காலாவதியாகிக்கொண்டிருந்தது! எந்தத் தாளை அவர் பயனற்றதென்று ஒதுக்கினாரோ அதுவே அவருடைய சோற்றுக்கு ஆதாரமாக இருந்தது.

இதில் விபத்து நேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் கொடியதாகியிருக்கும். 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பொருளை விரிவாக ஆராய்ந்தது. ஓட்டியவரின் உரிமம் போலி என்பதனால் மட்டும் இன்சூரன்சு நிறுவனம் கைகழுவிவிட முடியாது. உரிமையாளர் தம் கடமையில் தவறினார் என்று அது மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தாலும், அடிபட்டவருக்கு உரிய தொகையை முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு நீதிமன்றம் பணிக்கலாம். அடிபட்டவரைக் காத்த தீர்ப்பு இது. ஆனால், போலி என்று தெரிந்தே ஓட்டிய வண்டிக்காரரை இது காக்காது. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அவ்வழியில் போய்விடும். தம் உரிமம் பற்றி ஐயமுள்ளவர்கள் பரிவாகன் தளத்தில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் இட்டு இன்றே பார்த்துக்கொள்ளலாம். அதற்குத் தரகர் வேண்டா.

சட்டம் ஏன் இவ்வாறு அமைந்தது என்பதையும் சற்று நோக்குவோம். நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மோட்டார் வாகனங்கள் என்னும் பொருள் பொதுப் பட்டியலில் 35-ஆவதாக உள்ளது. அதனால் நாடு முழுமைக்கும் பாராளுமன்றம் ஒரே சட்டம் இயற்ற முடிந்தது. வாகனங்களின் மீது வரி விதிக்கும் அதிகாரமோ மாநிலப் பட்டியலில் 57-ஆவதாக இருக்கிறது. எனவே மனிதனுடைய கைத்திறனுக்கு எல்லை இல்லை. வண்டிக்கு மட்டும் எல்லை உண்டு. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றக் குழப்பங்கள் பாதி தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் இப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தானே உரிமம் வழங்குகிறது. குடிபெயர்ந்தவர் கலிபோர்னியாவில் 10 நாட்களுக்குள்ளும், நியூயார்க்கில் 30 நாட்களுக்குள்ளும், டெக்சாசில் 90 நாட்களுக்குள்ளும் புதிய மாநிலத்தின் உரிமத்தைப் பெறவேண்டும். நம் அன்பர்களுள் பலருடைய மக்கள் அந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் தொலைபேசியில் "உடனே மாற்றிவிடுங்கள் அப்பா" என்று சொல்வதைக் கேட்டு இங்குள்ள பெற்றோர் கலங்குவதை நான் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் சொல்வது அவர்கள் ஊருக்கு மெய். நம் ஊருக்கு அன்று. ஐரோப்பிய ஒன்றியத்திலோ ஒரு நாட்டின் உரிமம் மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும். தனித்தனி நாடுகளே அங்ஙனம் இருக்கையில், ஒரே நாட்டுக்குள் ஜி.டி. எக்ஸ்பிரசில் ஏறி வந்த நாம் அஞ்சுவானேன்?

இனி வண்டிக்கு வருவோம். ஊரிலிருந்து வண்டியையும் உடன் கொண்டுவருவோர் 47-ஆம் பிரிவை அறிந்திருத்தல் வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருக்குமாயின், புதிய பதிவெண்ணுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். ஊர் அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று பெறுவதற்கு 28-ஆம் எண் படிவம்; இங்கே புதிய எண் கேட்பதற்கு 27-ஆம் எண் படிவம். இங்கே மீண்டும் வரி. ஊரில் கட்டிய ஆயுள் வரியில் எஞ்சியதைத் திரும்பக் கேட்கலாம். கேட்பதற்கு வேண்டிய பொறுமையும் உடன் இருக்கவேண்டும்! பழைய டீசல் வண்டியை ஊரிலேயே விற்றுவிட்டு வருவதே என் கட்சி. 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளைத் தலைநகர் வட்டாரத்தில் தடுத்தன. பிறகு தளர்வுகளும் திருத்தங்களும் வந்திருப்பினும் அவற்றை நம்பி வண்டியை ஏற்றி அனுப்புவது அறிவுடைமை ஆகாது.

மோட்டார் சைக்கிளை ரெயிலில் அனுப்புவோருக்கு, என் தொழிலை ஒட்டி ஒரு சொல்: டாங்கியில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இல்லாதவாறு வடித்துவிட்டுப் பார்சல் ஆபீசுக்கு வாருங்கள். பதிவுச் சான்றின் நகல் கையில் இருக்கட்டும்.

மத்திய அரசு ஊழியர், மாநில அரசு ஊழியர், பொதுத்துறையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தார் ஆகியோர்க்கு 2021 செப்டம்பர் முதல் பி.எச். என்னும் பாரத் வரிசை எண் கிடைக்கிறது. மாற்றலாகும் இடமெல்லாம் எண்ணை மாற்றவேண்டா. வரியை இரண்டிரண்டு ஆண்டுகளுக்குக் கட்டினால் போதும். மாற்றலுக்கு ஆளாகும் நம்மவர் புது வண்டி வாங்கும்பொழுது இதனைக் கேட்டுப் பெறுதல் நன்று.

மீண்டும் உரிமத்துக்கு வருகிறேன். மாற்றவேண்டா என்று சொன்னேனே தவிர, அதை மறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அதிலுள்ள இரு செய்திகளைக் கவனியுங்கள்: ஒன்று காலாவதித் தேதி, மற்றொன்று விலாசம்.

தேதியில்தான் நம்மவர் பெரிதும் ஏமாறுகிறார்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னர் உரிமம் எடுத்தவர்களுக்கு 20 ஆண்டுகள் அல்லது 50 வயது, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 27 வயதில், 2004-இல் எடுத்தவருக்கு 2024-இல் முடிந்துவிட்டது. 35 வயதில், 2006-இல் எடுத்தவருக்கு 2021-இல், ஐம்பதாவது பிறந்த நாளன்றே முடிந்துவிட்டது. இருபது ஆண்டுக்கு முன் அச்சிட்ட தேதியை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? முன்பு காலாவதியான பின்னரும் 30 நாட்கள் செல்லும் என்றொரு சலுகை இருந்தது. 2019-இல் அதனை எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் ஓட்டினாலும் உரிமம் இன்றி ஓட்டியதாகவே கொள்ளப்படும். அதற்கான அபராதமும் 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

ஆயினும் பரிகாரம் உண்டு. காலாவதிக்கு ஓராண்டு முன்னரே புதுப்பிக்கலாம். பின்னர் ஓராண்டுக்குள்ளும் தேர்வின்றிப் புதுப்பிக்கலாம். அந்த ஓராண்டும் கடந்தால் மீண்டும் எட்டுப் போட்டுக் காட்டவேண்டிய நிலைதான். நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் 1-ஏ படிவத்தில் சான்று பெறவேண்டும். இதற்காக ஊருக்குப் பயணச் சீட்டு எடுக்கவேண்டியதில்லை. எந்த உரிம அதிகாரியும் புதுப்பிக்கலாம் என்று 15-ஆம் பிரிவு இடம் தருகிறது. வழங்கிய அலுவலகத்துக்குச் செய்தி தெரிவிப்பது அவருடைய பொறுப்பு. ஊரில் ஆர்.டி.ஓ. என்கிறோமே, அவ்வலுவலருக்கு இங்கே எம்.எல்.ஓ. என்று பெயர், இதுவும் பலரை அலைக்கழித்த சிறு செய்தி.

கையால் எழுதிய பழைய புத்தக உரிமம் வைத்திருக்கும் பெரியவர்கள் ஒன்று செய்யவேண்டும். அவ்வெண் 'சாரதி' என்னும் கணினிப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிடில், வழங்கிய அலுவலகத்தின் பழைய பேரேடே அதற்குச் சாட்சி. அடுத்த முறை ஊருக்குத் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ செல்லும்பொழுது ஒரு காலைப்பொழுதை அதற்கென ஒதுக்கிவிடுங்கள்.

விலாசத்தைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. ஊர்ப் பெயர் உரிமத்தில் இருப்பது மனத்துக்கு இதமாக இருக்கிறது என்று ஓர் அன்பர் கூறினார். அவ்வுணர்ச்சியை நான் மதிக்கிறேன், டி.என். என்னும் இரண்டெழுத்தைக் காணும்பொழுது எனக்கும் காவிரிக்கரை நினைவு வருவதுண்டு. ஆனால், நாம் நிலையாக வாழ்வது இங்கே என்றால் விலாசமும் இங்கேயே இருத்தல் வேண்டும். அவசர காலத்தில் நம் சட்டைப்பையிலுள்ள அந்த அட்டையை எடுத்துப் பார்ப்பவர், பூட்டிய ஊர் வீட்டுக்கா ஆள் அனுப்பவேண்டும்? விலாசம் மாற்றுவதும் உரிமம் மாற்றுவதும் ஒன்றல்ல. இருக்கிற உரிமத்திலேயே விலாசத்தைத் திருத்திக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டு முதல் டில்லியில் இச்சேவையை அலுவலகத்துக்குச் செல்லாமலே பெறும் ஏற்பாடு உள்ளது. முதலில் ஆதாரில் விலாசத்தை மாற்றுங்கள். மற்றவை அதன்பின் எளிதாகும். அரசுக் குடியிருப்பில் இருப்போர்க்கு ஒதுக்கீட்டுக் கடிதம் இருக்கிறது. இடர்ப்படுவோர் வாடகைக்கு இருப்போரே. வாடகை ஒப்பந்தத்தை எழுதித்தர மறுக்கும் வீட்டுக்காரர்கள் இந்நகரில் குறைவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே ஒப்பந்தத்தைக் கேளுங்கள். கொடுத்த பின்னர்க் கேட்டால் பயன் இராது.

இன்னுமொரு செய்தி. எங்கள் ரெயில்வேயில் எஞ்சின் ஓட்டுநர் எவ்வளவு தேர்ந்தவராயினும், புதிய பாதையில் பலமுறை உடன் சென்று பழகி, பாதை தெரியும் என்று கையெழுத்திட்ட பின்னரே தனியாக வண்டி எடுக்கலாம். மோட்டார்ச் சட்டம் நம்மிடம் அந்தக் கையெழுத்தைக் கேட்கவில்லை. ஆயினும் தஞ்சாவூரில் ஓட்டிய கை, தௌலா குவானின் வளைவுகளையும், புது டில்லியின் வட்டச் சந்திகளையும், சனவரி மாதத்து மூடுபனியையும் முதல் நாளே அறிந்துவிடாது. தெருப்பலகைகளில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது ஆகிய நான்கும் இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆகவே, புதிதாக வந்தவர்கள் சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வேளையில் பழையவர் ஒருவரை அருகில் இருத்திக்கொண்டு ரிங் ரோட்டைச் சுற்றி வரட்டும்.

நடனக் குழந்தைகள் திரைக்குப் பின்னால் பொறுமை இழக்கும் ஒலி கேட்கிறது. நிர்வாகக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பத்துடன் முடித்துக்கொள்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறன்று நூலக அறையில் ஒரு மேசையும் ஒரு கணினியும் கொடுங்கள். இந்தி தெரிந்த இளைஞர் இருவர் உடன் அமர்ந்தால் போதும். புதிதாக வருவோரின் உரிம எண்ணைச் சரிபார்த்து, தேதியைக் குறித்துக் கொடுத்து, விலாச விண்ணப்பத்தையும் அங்கேயே நிரப்பிவிடலாம். முதல் மாதம் நான் அமர்கிறேன்.