சின்ன விஷயத்தில்தான் பெரிய பரீட்சை

நியாயத்தையும் சிரிப்பையும் ஒரே தராசில் நிறுத்துக் கொடுக்கும் நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிவிட்டு, தீர்ப்பே வந்துவிட்ட மாதிரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணிப் பேராசிரியர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! அரங்கத்திலே இருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! குக்கர் விசிலுக்கு ஒரு காதையும் நமக்கு ஒரு காதையும் கொடுத்துவிட்டு, தொலைக்காட்சி முன்னால் இருக்கிற சகோதரிகளே!

தலைப்பு என்னங்க? "விசுவாசம் பெரிதும் சோதிக்கப்படுவது பெருந்துன்பத்திலா, அன்றாடச் சிக்கல்களிலா?" அன்றாடச் சிக்கல்களில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

பேராசிரியர் யோபுவைச் சொன்னாரு. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனுஷன். பவுலும் சீலாவும் பிலிப்பி ஜெயில்ல, காலைத் தொழுமரத்தில் மாட்டி வெச்சிருக்கும்போது நடுராத்திரியில பாடினதைச் சொன்னாரு. நான் மறுக்கவே மாட்டேன். ஆனா ஐயா, அந்தச் சீலா எப்படிப் பவுலோட வந்தாரு? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே! அதுவரைக்கும் கூட இருந்தவர் பர்னபா. ரெண்டு பேரும் உயிரைக் கொடுத்து ஒண்ணா ஊழியம் செஞ்சவங்க. லீஸ்திரா ஊர்ல பவுலைக் கல்லால அடிச்சு, செத்துட்டான்னு இழுத்து வெளியில போட்டாங்க. அப்பவும் பிரியல. அப்புறம் எதுக்குப் பிரிஞ்சாங்க? மாற்குன்னு ஒரு பையனை இந்தப் பயணத்துக்குக் கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு ஒரு வாக்குவாதம்! கல்லு பிரிக்காததை ஒரு பேச்சு பிரிச்சிருச்சு. (கைதட்டல்)

பிற்காலத்தில் பவுலே, வரும்போது மாற்கையும் கூட்டிட்டு வா, அவனால எனக்கு உதவி உண்டுன்னு கடிதம் எழுதுறாரு. பெரிய மனசு. ஆனா அதுக்கு எத்தனை வருஷம் ஆச்சு பாருங்க.

ஏன் இப்படி? பெருந்துன்பம் வந்தா மனுஷன் தனியா இருக்கிறதில்ல ஐயா. ஒரு துக்க வீட்டை நினைச்சுப் பாருங்க. பாஸ்டர் வந்துடுவாரு. சபையே வந்து உட்கார்ந்து பாடும். பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா ஒரு தூக்கு நிறைய காப்பி கொண்டு வருவாங்க, எதிர் வீட்டு மாமி பந்தலுக்கு நாற்காலி எடுத்துப் போடுவாங்க. அழறதுக்குத் தோள் கிடைக்கும். ஆனா மாமியார், சாம்பார்ல உப்பு கம்மின்னு பதினைஞ்சாவது வருஷமா சொல்றாங்களே, அப்போ எந்தப் பாஸ்டர் வருவாரு? எந்தச் சபை வந்து பாடும்? (சிரிப்பு) பார்க்க ஆளில்ல, தேற்ற ஆளில்ல, இத்தனாம் தேதியோட முடியும்னும் கிடையாது. அங்கே தாங்கிப் பிடிக்கிற விசுவாசத்துக்குத்தான் பலம் ஜாஸ்தி வேணும்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு ஆராதனை. ஏழே முக்காலுக்கு வீடு எப்படி இருக்கும்? பையனுக்கு ஒரு சாக்ஸ் இருக்கு, இன்னொண்ணு காணோம். "நீ வெச்ச இடத்துல இருந்தா எனக்கெதுக்கு இந்தக் கதி?"ன்னு அப்பா. "எல்லாத்துக்கும் நான்தானா?"ன்னு அம்மா. ஸ்கூட்டர்ல ஏறினதும் ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. சிக்னல்ல ஒரு ஆட்டோக்காரரை வேற திட்டியாச்சு. கோயில் வாசல்ல இறங்கின உடனே, "ஸ்தோத்திரம் பிரதர்! ஸ்தோத்திரம் சிஸ்டர்!" முகத்துல அப்படி ஒரு சாந்தம்! ஸ்தேவான் முகத்தில கூட அவ்வளவு வெளிச்சம் இருந்திருக்காது! (சிரிப்பு) நான் கேலி பண்ணல. பரீட்சை உள்ளே நடக்கலை, ஏழே முக்காலுக்கே முடிஞ்சு போச்சுங்கிறேன்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு ஒண்ணு சொல்றாரு. காணிக்கையோட பலிபீடத்துக்கு வந்து நிக்கிறே. அப்போ உன் சகோதரனுக்கு உன்மேல ஒரு குறை இருக்கிறது நினைவுக்கு வருது. காணிக்கையை அங்கேயே விட்டுட்டுப் போய், முதல்ல அவனோட ஒப்புரவாகு, அப்புறம் வா. கவனிங்க, உனக்கு அவன்மேல குறை இருந்தான்னு சொல்லலை, அவனுக்கு உன்மேல இருந்தாங்கிறாரு! இதை எங்கே நின்னு சொன்னாரு? கலிலேயாவில. பலிபீடம் எங்கே? எருசலேம்ல. நடையா நடந்தா ரெண்டு மூணு நாள். அப்போ அந்தக் கலிலேயாக்காரன் திரும்ப ஊருக்கு நடந்து, அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி, சமாதானமாகி, மறுபடி எருசலேமுக்கு நடக்கணும். நமக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே கோயில்ல, ஆளுக்கொரு ஓரத்து பெஞ்சில உட்கார்ந்திருக்காங்க. நடுவுல அப்பா விட்டுட்டுப் போன வீட்டின் ஒரு சுவர். எட்டடி தூரம் நடக்க எட்டு வருஷமா முடியலை.

எதிரணி அண்ணாச்சி இப்போ எழுந்து, "அம்மா, வதை முகாமுக்குப் போனவங்க கஷ்டமும் சாக்ஸ் தேடுற கஷ்டமும் ஒண்ணா?"ன்னு கேட்பாரு. கேளுங்க. வதை முகாமுக்கே போன ஒரு அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடுறேன்.

நெதர்லாந்து நாட்டில் ஹார்லெம் என்கிற ஊர். கடிகாரக் கடை நடத்தின குடும்பம். அந்த வீட்டுப் பெண் கோரி டென் பூம். ஹிட்லர் ஆட்களிடம் அகப்படாமல் யூதர்களை வீட்டிலேயே ஒளித்து வைத்துக் காப்பாற்றினாங்க. 1944 பிப்ரவரியில் பிடிபட்டாங்க. எண்பத்து நாலு வயது அப்பா பத்து நாளில் காவலிலேயே இறந்துட்டாரு. ராவன்ஸ்புரூக் முகாமில் அக்கா பெட்சி அந்த டிசம்பரில் கண்ணை மூடினாங்க. கோரி மட்டும் வெளியில் வந்தாங்க. போர் முடிஞ்சு 1947-ல ஜெர்மனியில, மூனிச் நகரத்தில, தேவன் மன்னிக்கிறார்னு பிரசங்கம் பண்ணி முடிக்கிறாங்க. கூட்டத்திலிருந்து ஒருத்தர் கையை நீட்டிக்கிட்டு வர்றாரு. யாரு? அந்த முகாமில் காவலுக்கு நின்னவரு! கை எழும்பலை. மனசுக்குள்ள ஜெபம் பண்ணிட்டு, மரக்கட்டை மாதிரி கையைத் தூக்கிக் கொடுத்தாங்க. அப்புறம்தான் அன்பு வந்துச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்க.

இத்தோட கதையை நிறுத்தினா பேராசிரியர் ஜெயிச்சிடுவாரு. மிச்சத்தைக் கேளுங்க. பல வருஷம் கழிச்சு, அவங்க நம்பின விசுவாச நண்பர்கள் சிலரே ஒரு கெடுதல் பண்ணிட்டாங்க. காவலாளியை மன்னிச்ச அம்மாவுக்கு இவங்களை மன்னிக்க முடியலை! மன்னிச்சேன்னு ஜெபம் பண்ணியும் ரெண்டு வாரம் ராத்தூக்கம் இல்லை. ஒரு போதகர் கோயில் மணியைக் காட்டிச் சொன்னாராம்: கயித்தை விட்ட பிறகும் மணி கொஞ்ச நேரம் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். பழைய கோபம் திரும்ப வந்தா பயப்படாதே, கயித்தை மறுபடி பிடிக்காம இரு. அதுக்கப்புறமும் அந்த நண்பர்களோட கடிதத்தையெல்லாம் ஆதாரமா பத்திரப்படுத்தி வெச்சிருந்தாங்களாம். கடைசியில அதை நெருப்புல போட்டாங்க. இப்போ சொல்லுங்க, எது கஷ்டமான பரீட்சை? (கைதட்டல்)

இந்த இடத்தில் ஒண்ணு சொல்லிடணும், நடுவர் ஐயா நேரத்தைக் கழிச்சாலும் பரவாயில்ல. மன்னிக்கிறதுன்னா அடி வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிறது இல்லை. குடிச்சுட்டு வந்து கை நீட்டுற புருஷனைப் பத்திப் பொண்ணு வந்து அழுதா, "இதுதான் உன் சிலுவை, சுமம்மா"ன்னு சொல்லி அனுப்புறாங்களே, அது விசுவாசம் இல்லீங்க. சொல்றவங்க சௌகரியம். அந்தப் பொண்ணை முதல்ல பத்திரமான இடத்தில் உட்கார வைக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்.

அடுத்தது, மனசு சோர்ந்து போறது. இதைப் பெருந்துன்பம்னு யாரும் கணக்கில வைக்கிறதில்லை. எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில 450 பேரை எதிர்த்துத் தனியா நின்னாரு, வானத்திலிருந்து அக்கினியே இறங்கிச்சு. அப்புறம் யேசபேல் ஒரு ஆளை அனுப்பி மிரட்டினா. அவ்வளவுதான், வனாந்தரத்துக்கு ஓடி ஒரு சூரைச்செடி அடியில உட்கார்ந்து, நான் சாகணும்னு கேட்கிறாரு. கடவுள் என்ன பண்ணினாரு? உனக்கு விசுவாசம் பத்தாதுன்னு திட்டினாரா? தூங்க விட்டாரு. தேவதூதன் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணியும் கொடுத்தாரு. மறுபடி தூங்க விட்டாரு. திரும்ப எழுப்பிச் சாப்பிட வெச்சாரு. உபதேசம் அதுவரைக்கும் ஒரு வார்த்தை இல்லை!

நாம என்ன பண்றோம்? பிள்ளை பெத்து ரெண்டு மாசமா சிரிப்பே இல்லாம உட்கார்ந்திருக்கிற மருமகளைப் பார்த்து, "ஜெபம் போதாது, டாக்டர்கிட்ட போனா விசுவாசக் குறைச்சல்"ங்கிறோம். எசேக்கியா ராஜா வியாதியில அழுது ஜெபம் பண்ணினாரு, பதினைஞ்சு வருஷம் ஆயுசு கிடைச்சுது. அப்படியும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னாரே, எதுக்கு? ஜெபம் மட்டும் போதும்னா, ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1918-ல பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளியை எதுக்குத் தொடங்கினாங்க? அந்த மருமகளுக்கு ஒரு வேளை சமையலை எடுத்துக்கிட்டு, குழந்தையை நாம வெச்சுக்கிட்டு, ரெண்டு மணி நேரம் தூங்குன்னு சொல்லி, மறுநாள் டாக்டர்கிட்ட துணைக்கும் போறதுக்கு என்ன விசுவாசம் வேணும்? அடை சுடுற விசுவாசம் போதும்.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, ஒரே நிமிஷம். அடுத்துப் பேச வர்ற எதிரணி அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. யோபுவை நீங்கதானே முதல்ல கூட்டிட்டு வந்தீங்க? அந்த யோபுவோட நிலைமை எப்போ மாறினதாக வேதத்துல இருக்கு? புண்ணு வந்து சாம்பல்ல உட்கார்ந்தப்போ மாறலை. தன்னைக் குத்திக் குத்திப் பேசின அந்த நண்பர்களுக்காக ஜெபம் பண்ணினப்போ மாறிச்சு. அது உங்க பெருந்துன்பக் கணக்கா, எங்க அன்றாடக் கணக்கா? அதுக்குப் பதில் சொல்லிட்டு மேலே பேசட்டும்.