மருத்துவபீடம் மட்டுமல்ல



உயிரியல் படித்த நம் தங்கை ஒருத்திக்கு மருத்துவபீடம் கிடைக்காமல் விலங்கியல் துறை கிடைத்தால், துக்கம் விசாரிப்பதுபோலப் பேசுகிறோம். வைத்தியர்களாகிய நாங்களும் அப்படிப் பேசியிருக்கிறோம்.

டெங்கு நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்றே நாங்கள் படித்தோம். நோயாளர்களுக்கும் அதையே சொன்னோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினரும் பங்குகொண்டு 2011இல் வெளியான ஆய்வொன்று, கரையோரத்தில் பாவனையற்ற கிணறுகளிலும் கைவிடப்பட்ட வள்ளங்களிலும் தேங்கிய உவர்நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதைக் காட்டியது. காய்ச்சல் வந்தபின் பார்ப்பவர்கள் நாங்கள். அது வராமல் தடுக்க எங்கே தேடவேண்டும் என்று எங்களுக்கே கற்பித்தவர்கள் அவர்கள்.

எந்த நாட்டில் இருந்தாலும், அடுத்த பெறுபேறு வரும்போது அந்தத் தங்கைக்கு ஆறுதல் சொல்லாமல் வாழ்த்துச் சொல்வோம்.