ஆராய்ச்சி ஊருக்கு வரவேண்டும்

(குடாநாட்டின் நிலத்தடி நீர் பற்றிக் கமக்காரரும் மாணவரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே ஆறு என்று பெயர் சொல்ல நமக்குண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிற் கிடக்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. அந்த நன்னீரையே நாம் கிணற்றில் அள்ளிக் குடிக்கின்றோம். அதனையே இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கின்றோம். நமக்கு வேறு நீர்க் களஞ்சியம் இல்லை.

மழைநீருக்கு வழிவிடும் அதே கல், தோட்டத்தில் இடும் உரத்தின் கரைசலுக்கும் வழிவிடுகின்றது. மலகூடக் குழியின் கழிவுக்கும் வழிவிடுகின்றது. இதன் விளைவு என்ன என்பதை ஆராய்ச்சியாளர் 1980களிலிருந்தே அளந்து எழுதி வருகின்றனர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை. நமது தோட்டப் பகுதிகளிலுள்ள கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டப்பட்டுள்ளது என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

அந்த எல்லை ஏன் விதிக்கப்பட்டது? இத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். தாய்மார் நீரைக் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கின்றார்கள் என்று கேட்பீர்கள். கொதிப்பதனாற் கிருமி சாகும், நைத்திரேற்று அகலாது. நீர் ஆவியாகிக் குறையுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும். குழந்தையைக் காப்பதாக எண்ணித் தாய் செய்யும் காரியம் இந்த நஞ்சைப் பொறுத்தவரை பயனற்றது. இவ்வுண்மை ஆங்கிலச் சஞ்சிகைகளில் அச்சாகியிருக்கின்றது. அடுப்படியில் நிற்கும் தாய்க்கு அதனை எடுத்துச் சொல்லும் பொறுப்பு எவருடையது? அதுவே நமது இன்றைய கேள்வி.

யாருடைய பணம்?

1945 முதல் இந்நாட்டிலே இலவசக் கல்வி நிலவுகின்றது. 1974இல் திருநெல்வேலியில் வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மக்களின் வரிப்பணத்தால் நடைபெறுவதேயாகும். தீப்பெட்டியும் சீனியும் வாங்கும் ஏழையும் அந்த வரியைச் செலுத்துகின்றான். எனவே, தன் கிணற்று நீரைப்பற்றிப் பல்கலைக்கழகம் கண்டறிந்தது எதுவாயினும், அதனைத் தன் மொழியில் அறிய அவனுக்கு உரிமையுண்டு. அது ஆய்வாளர் இரக்கப்பட்டு ஈயும் கொடையன்று. கொடுத்துத் தீர்க்கவேண்டிய கடன்.

ஆய்வாளரை மட்டும் குறைகூறுவதும் நீதியாகாது. அவர்கள் அளந்தார்கள், எழுதினார்கள். எழுதியதை வாங்கிப் படித்து மறுமொழி கூறவேண்டிய கடமையை நாட்டின் எந்தச் சபைக்கும் எவரும் விதிக்கவில்லை. வாங்குவாரில்லாத கடிதமாக அது நூல்நிலையத்தின் அடுக்கிலே கிடக்கின்றது.

சுன்னாகம் கற்பித்த பாடம்

அளந்து எழுதப்பட்ட சான்றுக்கு என்ன வலிமையுண்டு என்பதைச் சுன்னாகத்தில் நாம் கண்டோம். மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் படிகின்றதென்று மக்கள் கூறியபோது அது வெறும் முறைப்பாடாகவே மதிக்கப்பட்டது. எண்ணெய் இல்லையென்று கூறியவர்களும் இருந்தனர். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணற்று நீரைச் சோதித்து அளவுகளை எழுத்தில் வைத்தபோது முறைப்பாடு சான்றாயிற்று. தென்னிலங்கைச் சூழலியல் ஆர்வலர் ஒருவர் 2015இல் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மாசுபடுத்தியவனே ஈடுசெய்ய வேண்டுமென்ற கோட்பாட்டின்படி, மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும்.

எனினும் வழக்கு நோய் வந்தபின் தேடும் மருந்தேயாகும். எண்ணெய் மாசுக்கு எதிரி ஒருவரைக் காட்டலாம். நைத்திரேற்றுக்கு யாரைக் காட்டுவது? உரமிட்ட கமக்காரனையா? குழி வெட்டிய குடும்பத்தையா? அவர்களே அந்நீரைக் குடிப்பவர்கள். இங்கு வேண்டியது தண்டனையன்று. முன்கூட்டியே வழிகாட்டும் சட்டம்.

அத்தகைய சட்டம் கற்பனையானதன்று. இதே நைத்திரேற்று மாசுக்கு முகங்கொடுத்த ஐரோப்பிய நாடுகள் 1991இல் பொதுவிதியொன்றை வகுத்தன. நிலத்தடி நீரில் 50 மில்லிகிராம் எல்லை தாண்டிய, அல்லது தாண்டக்கூடிய பகுதிகளை ஒவ்வோர் அரசும் கண்டறிந்து அறிவித்தல் வேண்டும்; உரமிடலாகாத காலங்களை வரையறுத்தல் வேண்டும்; நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் அப்பட்டியலை மீளாய்வு செய்தல் வேண்டும். ஆய்வுகூடத்தின் எண் ஒன்று அங்கே அரசைக் கட்டும் ஆணையாயிற்று. அதே எண் இங்கே கட்டுரையின் அட்டவணையில் உறங்குகின்றது.

சாட்டுகள் போதும்

2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டதே, இனிக் கவலை எதற்கு என்பர் சிலர். குழாய்நீர் வருவது நன்மையே. ஆனால் வெங்காயத் தோட்டத்திற்குக் கடல்நீரைச் சுத்திகரித்துப் பாய்ச்ச எவராலும் முடியாது. குழாய் எட்டாத வீடுகளும் கிணற்றையே நம்பி நிற்கும்.

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்ததே, நாம் என்ன செய்வது என்பர் வேறு சிலர். மத்திய அரசு செய்யத் தவறியவற்றை நாம் கண்டிக்கத்தான் வேண்டும். ஆயினும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி இயற்றும் அதிகாரத்தை நமது சபைகளுக்கு வழங்கியிருக்கின்றது. கையிலுள்ள அதிகாரத்தைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, மேலும் அதிகாரம் கேட்போரின் குரலுக்கு வலிமையேது?

ஆகவே மூன்று காரியங்களை நாம் வேண்டி நிற்கின்றோம். முதலாவது, நமது நீர், நிலம், உடல்நலம் பற்றிய ஒவ்வோர் ஆய்வின் முடிவும் இரண்டு பக்கத் தமிழில் எழுதப்பட்டு, அவ்வூர்ப் பிரதேச சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அனுப்பப்படல் வேண்டும். இரண்டாவது, சபை அதனைத் தன் கூட்டத்தில் முன்வைத்து, ஏற்பதாயினும் மறுப்பதாயினும் காரணத்தோடு மூன்று மாதத்துள் எழுத்தில் மறுமொழி தருதல் வேண்டும். மூன்றாவது, கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே இருக்கவேண்டிய தூரத்தைச் சுண்ணாம்புக் கல்லின் இயல்பறிந்து சபை தன் உபவிதியால் வரையறுத்து, இடநெருக்கடியுள்ள வீடுகளுக்குக் கசியாத தொட்டி அமைக்க உதவுதல் வேண்டும்.

சபைகள் அசையுமட்டும் நாமும் வாளாவிருத்தலாகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் உண்டு. எங்கள் ஊர்க் கிணறுகளின் சோதனை முடிவுகள் யாவை என்று தமிழில் எழுதிக் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் கூறியாக வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு நாமும் நம் சட்டத்தரணி நண்பர்களும் கட்டணமின்றி எழுதிக் கொடுப்போம்.

மாணவ நண்பர்களே, அடுத்தமுறை ஒரு கிணற்றில் நீர் மாதிரி எடுக்கும்போது, அவ்வீட்டாரின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக் கொள்ளுங்கள். முடிவு கிடைத்ததும், பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே வாரத்தில், அவ்வீட்டுப் படலையைத் திறந்து சென்று அவர்களுக்கும் சொல்லுங்கள். அங்கே பால்மா கரைக்கும் தாயொருத்தி இருக்கக்கூடும்.