கார்ட்டிசால் குறைந்தால் மாத்திரையா?

"கார்ட்டிசால் கம்மியாம் டாக்டர். ஸ்டீராய்டு ஆரம்பிச்சிடலாமா?"

"ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?"

"சாயங்காலம், ஆபீஸ் விட்டு வர்ற வழியில."

"அப்ப கம்மியாத்தான் இருக்கும்!"

சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிற அட்ரீனல் சுரப்பி, கார்ட்டிசால் ஹார்மோனை விடியற்காலையில்தான் அதிகம் சுரக்கும். பொழுது சாயச் சாயக் குறையும். அதனால் காலை 8 மணி வாக்கில் சோதிக்க வேண்டும். அதிலும் சந்தேகமென்றால், சுரப்பியைத் தூண்டும் ஊசி போட்டு, 30, 60 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

சுரப்பி நிஜமாகவே முடங்கியிருந்தால், ஹைட்ரோகார்ட்டிசோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை உயிர் காக்கும். பயந்து தள்ளிப்போடக் கூடாது. நாமாக நிறுத்தவும் கூடாது. காய்ச்சல் வந்தால், டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். அமெரிக்க அதிபராக இருந்த கென்னடிக்கும் இந்தச் சுரப்பிக் குறை இருந்தது.

வெறும் அசதிக்காக இந்த மாத்திரையைச் சாப்பிட்டால்? ஒழுங்காக வேலை பார்த்த சுரப்பியும், 'அதான் மாத்திரை வருதே' என்று படுத்துவிடும்!