இனிக்கப் பேசிக் காசு கேட்டால்



ஓசூர் சாலையில் ஆலை வேலை. இரவில் தனி அறை. பேச்சுத் துணை தேடிச் சிலர் கைப்பேசியில் செயலி இறக்குகிறார்கள். ஒரே துணையைத் தேடுவோர் உண்டு. எல்லோரும் அறிந்து, சம்மதித்து, பலரோடு பழக விரும்புவோரும் உண்டு. அவர்களுக்கும் ஃபீல்ட் போன்ற செயலிகள் உள்ளன. சேர்வது இலவசம். ஆனால் அங்கே மோசடிக்காரனும் வருவான்.

“பரிசு அனுப்பினேன். சுங்கத்தில் பிடித்துவிட்டார்கள். வரி கட்டு” என்பான். கட்டாதீர்கள். சுங்கத்துறை தனி ஆள் கணக்கில் பணம் கேட்காது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அந்தரங்கப் படம் அனுப்பாதீர்கள். முதல் சந்திப்பு நாலு பேர் நடமாடும் இடத்தில் இருக்கட்டும்.

“வெட்கப்பட்டு வெளியே சொல்லமாட்டார்.” இதுதான் அவன் நம்பிக்கை. அதை உடையுங்கள். ஏமாந்தால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால், போன பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு.

வெட்கம் ஏமாற்றியவனுக்கு. ஏமாந்தவருக்கு அல்ல.