650 வார்த்தையில் 'நான்'

இந்த எபிசோட் ப்ளஸ் டூ படிக்கிறவங்களுக்கும், பக்கத்துல உட்கார்ந்து அவங்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கிற அண்ணன், அக்காக்களுக்கும். வெளிநாட்டுக் காலேஜுக்கு அப்ளை பண்ணும்போது கேட்கிற 'பர்சனல் எஸ்ஸே' பத்திதான் இன்னைக்குப் பேசப் போறோம்.

நம்ம ஊர்ல எஞ்சினியரிங் சீட் எப்படிக் கிடைக்குதுன்னு உங்களுக்கே தெரியும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். நானும் அந்த வழியில வந்தவன்தான். நீ யாரு, எதைப் பத்தி யோசிப்பன்னு அந்த ஃபார்ம் என்னை ஒரு வார்த்தை கேட்கலை. அதை நான் குறையா சொல்லலை. இங்கிலீஷ்ல அழகா எழுதத் தெரியாத பையனுக்கும் அந்த ரேங்க் லிஸ்ட்ல இடம் இருக்கு. ஆனா 12 வருஷம் அப்படியே படிச்சுட்டு வந்த ஒருத்தர்கிட்ட திடீர்னு 'உன்னைப் பத்திச் சொல்லு'ன்னா, கை ஓடாது.

முதல்ல யார் என்ன கேட்கிறாங்கன்னு பார்த்துடுவோம். அமெரிக்காவுல நிறையக் காலேஜ்களுக்குப் பொதுவான விண்ணப்பம் காமன் ஆப். அதுல 250ல இருந்து 650 வார்த்தைக்குள்ள ஒரே கட்டுரை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களுக்குத் தனி விண்ணப்பம். அங்க 8 கேள்வியில 4ஐ நாமளே தேர்ந்தெடுத்து, ஒவ்வொண்ணுக்கும் 350 வார்த்தைக்குள்ள பதில் எழுதணும். பிரிட்டன்ல யூகாஸ். 2026ல சேர்றவங்கள்ல இருந்து அது 3 கேள்வியா மாறிடுச்சு, மொத்தம் 4,000 எழுத்து. அங்க அவங்களுக்கு முக்கியம், இந்தப் படிப்பை ஏன் எடுக்கிற, அதுக்கு எப்படித் தயாராகியிருக்கன்னுதான். அமெரிக்கக் கட்டுரையைத் தூக்கி அப்படியே யூகாஸ்ல போட்டா செல்லாது.

இன்னொண்ணு. இந்தக் கேள்வி ஏதோ புனிதமான இடத்துல இருந்து வந்ததுன்னு நினைக்காதீங்க. 1920கள்ல ஹார்வர்ட், யேல் மாதிரி இடங்கள்ல, பரீட்சையை மட்டும் வச்சு எடுத்தா யூத மாணவர்கள் அதிகமா வந்துடுறாங்கன்னு நிர்வாகத்துக்கு உறுத்தல். 'குணநலன்', 'ஆளுமை'ன்னு பார்க்க ஆரம்பிச்சதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. சிலரை வெளியே நிறுத்த வந்த கேள்வி அது. இன்னைக்கு அதே கேள்வி சிலருக்குக் கதவும் திறக்குது. அதனால பயபக்தி எல்லாம் வேண்டாம், நிதானமாப் பதில் சொன்னாப் போதும்.

இப்போ என் சித்தி பொண்ணு கதை. திருப்பூர். சித்தி ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்க்கிறாங்க. முழு உதவித்தொகை கிடைச்சா மட்டும்தான் இவ போக முடியும். பண வசதியைப் பார்க்காம வெளிநாட்டு மாணவர்களை எடுத்து, தேவையான உதவியை முழுசாக் கொடுக்கிற அமெரிக்கக் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணுற அளவுதான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் அந்தப் பட்டியல்ல இருக்கு. அங்க அப்ளை பண்றவங்கள்ல பெரும்பாலானவங்க நல்ல மார்க் வச்சிருப்பாங்க. அதனால கட்டுரையை லேசா எடுத்துக்க முடியாது.

அவ எழுதின முதல் டிராஃப்ட் அப்துல் கலாம் மேற்கோளோட தொடங்குச்சு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் பக்காவா இருந்துச்சு. அவ மட்டும் அதுல இல்லை. அப்புறம் ஒரு கன்சல்டன்சியில கொடுத்து 'சரி' பண்ணினாங்க. திரும்பி வந்ததுல இருட்டு வீடு, அம்மாவோட கண்ணீர், தேய்ஞ்ச விரல். எனக்கு ஃபோன் பண்ணி அவ கேட்டது ஒரே கேள்வி: "ஏங்கண்ணா, எங்கம்மாவ எதுக்கு இவ்ளோ பாவமா எழுதி வச்சிருக்காங்க? அம்மா இதைப் படிச்சா என்ன நினைப்பாங்க?"

இந்த எபிசோடே அந்தக் கேள்வியாலதான். கஷ்டத்தை எழுதக்கூடாதுன்னு நான் சொல்லலை. ஆனா கஷ்டத்தை விற்கிற கட்டுரையில நீங்க இருக்க மாட்டீங்க, பரிதாபம் மட்டும்தான் இருக்கும். படிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது, அந்த இடத்துல நின்னு நீங்க எதைக் கவனிச்சீங்க, என்ன யோசிச்சீங்கங்கிறது.

நாங்க அந்த டிராஃப்டை மூடி வச்சுட்டு, தமிழ்லயே பேசினோம். ஃபோன்ல ரெக்கார்ட் போட்டுட்டேன். சனிக்கிழமை சம்பள நாள்ல நீ என்ன பண்ணுவன்னு கேட்டேன். அப்பதான் வெளிய வந்துச்சு. அம்மாகூட வேலை பார்க்கிற அக்காங்களுக்குப் பீஸ் கணக்கு எழுதுறது இவதானாம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே நோட்டு போட்டிருக்கா. ஒரு அக்கா மட்டும் அந்த நோட்டை நம்பாம, பழையபடி புளியங்கொட்டை வச்சே எண்ணியிருக்காங்க. ரெண்டு வாரம் கணக்கு ஒத்து வரலை. ரெண்டு வாரமும் புளியங்கொட்டைதான் சரி. ஏன்னா, சரி பண்றதுக்குப் போயித் திரும்பி வர்ற பீஸை இவ நோட்டு மறுபடியும் ஒரு தடவை எண்ணிடுச்சு. அந்த அக்கா அதுக்குத் தனியா ஒரு டப்பா வச்சிருந்தாங்க. இவ நோட்டுல ஒரு காலம் கூடுதலாப் போட்டா.

கேட்டுட்டு எனக்கு சந்தோஷமாயிடுச்சு. டேட்டாபேஸ்ல ஒரே ரெக்கார்டை ரெண்டு தடவை எண்ணுற பக், ஆஃபீஸ்ல நாங்க மண்டையை உடைச்சுக்கிற விஷயம். "இதெல்லாம் ஒரு சாதனையாங்கண்ணா?"ன்னு கேட்டா. சாதனைப் பட்டியல் எழுத விண்ணப்பத்துல தனி இடம் இருக்கு. கட்டுரைக்கு இதுதான் வேணும்.

எழுதும்போது ஒரு சிக்கல் வந்துச்சு. எல்லா வாக்கியமும் 'நாங்க'ன்னே ஆரம்பிச்சது. நம்ம வீட்ல 'நான் செஞ்சேன்'னு சொன்னா தற்பெருமைன்னு வளர்த்திருக்காங்க இல்லையா? அதனால ஒவ்வொரு 'நாங்க'வுக்கும் கீழே கோடு போட்டு, இதுல யார் யாருன்னு கேட்டுக்கிட்டே போனோம். அம்மா செஞ்சது அம்மாவுக்கு, அந்த அக்கா கண்டுபிடிச்சது அந்த அக்காவுக்கு, மிச்சம் இவளுக்கு. அதுல பொய்யும் இல்லை, பெருமையும் இல்லை.

நீங்க எழுதும்போது செய்ய வேண்டியது மூணு.

ஒண்ணு, முதல்ல தமிழ்ல பேசி ரெக்கார்ட் பண்ணுங்க. இங்கிலீஷ் அப்புறம் வரட்டும். யோசிக்கும்போதே கிராமர் பார்த்தா, பாதி விஷயம் தொண்டையிலயே நின்னுடும்.

ரெண்டு, உங்க பேரை எடுத்துட்டு வகுப்புல பக்கத்து பெஞ்சுக்காரர் பேரைப் போட்டுப் பாருங்க. அப்பவும் கட்டுரை பொருந்துதுன்னா, அது இன்னும் உங்களோடது ஆகலை.

மூணு, சாட்ஜிபிடி. ஏஐ எழுதின விஷயத்தைச் சொந்த எழுத்தா அனுப்புறதைக் காமன் ஆப் மோசடி விதியிலேயே சேர்த்திருக்கு. அது போக, ஒரு எஞ்சினியரா சொல்றேன்: அடுத்து எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம்னு கணக்குப் போட்டு எழுதுற கருவி அது. திருப்பூர்ப் பொண்ணுன்னு சொன்னா அது கண்ணீரைத்தான் எழுதும். புளியங்கொட்டை அதுக்குத் தோணாது.

கட்டுரை நல்லா இருந்தா சீட் உறுதின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மார்க், காலேஜோட நிதி நிலைமை, அந்த வருஷம் எத்தனை பேர் போட்டிங்கிறது எல்லாம் இருக்கு. என் தங்கச்சிக்கு முடிவு இன்னும் வரலை. கவுன்சிலிங்குக்கும் தயாராத்தான் இருக்கா. ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி அந்தக் கட்டுரையைத் தமிழ்ல அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினா. சித்தி முழுசாக் கேட்டுட்டு, அந்த அக்கா பேரைச் சரியா எழுதியிருக்கியான்னு மட்டும் கேட்டாங்களாம்.

யாரைப் பத்தி எழுதுறீங்களோ, அவங்க முன்னாடி உட்கார்ந்து வாசிக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா தைரியமா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.